தவளை வண்டியின் இடது கதவு

என் செல்லத் தம்பி குமாருக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகப் போகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபம்தான். முப்பத்தாறு வயதில் மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவனிடம் இனி என்ன பேச்சு என்று வீம்பாக இருந்தேன். இன்று வீம்பை விட்டு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் கார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் இருக்கும் என் ஆபீசில் இருந்துதான் எழுதுகிறேன். கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் அப்பா படுத்திருக்கிறார். காலையில் டயாலிசிஸ் முடிந்தது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. தூங்குகிற மாதிரித்தான் தெரிகிறது, ஆனால் போலீஸ்காரர் தூக்கத்தை நம்ப முடியாது. சத்தமில்லாமல் எழுதுகிறேன்.

உனக்கும் எனக்கும் ஒரு வழக்கு தீராமல் கிடக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? கொச்சியில் ஒரு டாக்டரிடம் இருந்து அந்த நீலக் காரை ஓட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்குள் நுழைந்தாயே, அன்று தொடங்கியது. பத்து வயதான ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. தரையோடு தரையாகப் பம்மிக் கிடந்தது. தெருவே கூடி முன்பக்கத்தைத் திறந்து பார்த்தது, உள்ளே வெறும் பெட்டி. "இன்ஜின வார வழியில போட்டுட்டு வந்துட்டியாலே?" என்று எதிர்வீட்டு மாரியக்கா கேட்டாள். இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்று நீ ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாய். மில்லில் மெஷின் பார்க்கிற இன்ஜினியருக்கு அதைவிட வேறு சந்தோஷம் என்ன வேண்டும்?

எனக்குச் சந்தோஷம் இல்லை. அந்தக் காரை வாங்குவதற்காக வீட்டில் நின்ற உயரமான வெள்ளைக் காரை விற்றிருந்தாய். அப்பா தோப்புக்குப் போய்வந்த கார் அது. "ஏலே, இத நித்தம் ஓட்ட முடியுமாலே? ஒரு மழை, ஒரு பள்ளம் போதாதா?" என்று கேட்டேன். "அக்கா, நிறுத்தி வச்சாத்தான் இந்த வண்டி கெடும். நித்தம் ஓட்டுனா கெடாது" என்றாய். நான் நம்பவில்லை. பொம்மை வாங்கி வந்திருக்கிறாய் என்று உன் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

அப்பா என்னைவிட மோசம். முப்பது வருடம் ஏட்டாக இருந்து, பெரிய ரோட்டில் விழுந்தவர்களை அள்ளி ஏற்றியவர். வேகமாகப் போகிற எதையும் அவரால் பார்க்க முடியாது. உன் காருக்குத் தவளை என்று பேர் வைத்தார். "அந்தத் தவளைக்குள்ள நான் காலு வைக்க மாட்டேன்" என்றார்.

மாசி மாதம் அந்தக் காலை நினைவிருக்கிறதா? ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டரிடம் அவருக்குச் சிறுநீரகப் பரிசோதனை. நீ காரைக் கழுவி, வாசலில் நிறுத்தி, இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாய். "ஒரு தடவ ஏறுங்கப்பா" என்றாய். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உன்னைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் நீ கதவை மூடவில்லை. அப்பாவைப் பார்க்க வந்திருந்த நான் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே வந்து உன்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

அதற்கடுத்த மாதம் நீ இல்லை. காய்ச்சலில் போனாய் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ராசியில்லாத வண்டி என்று ஊரில் பேச்சு ஓடியது. நான் காரின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, அப்பாவோடு இருக்க அந்த வீட்டுக்கே குடிவந்துவிட்டேன். உன் அத்தானும் வந்துவிட்டார்.

சித்திரையில் அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கினோம். திங்கள், புதன், வெள்ளி. காலை ஏழு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்கு ஒரு படுக்கை. வாடகைக் கார் பிடித்துக் கூட்டிப்போனேன். ஒழுங்காகத்தான் வந்தார். ஆனி மாதம் ஒரு புதன்கிழமை சட்டையைப் போட மறுத்தார். வெள்ளிக்கிழமையும் மறுத்தார். கால் இரண்டும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "போதும் தாயி. யாருக்காக நான் ஓடணும்?" என்று கேட்டார்.

எனக்காக என்று சொல்ல வேண்டியதுதானே? வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. கோர்ட்டில் எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறேன், அப்பாவிடம் ஒன்றும் ஓடவில்லை. அவர் சன்னல் வழியாகத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தத் தவளை ஓடுமாட்டி?"

"ஓடும்பா."

"அதுல கூட்டிட்டுப் போறியா? அப்படின்னா வாரேன்."

உன் பொம்மையை நித்தம் ஓட்ட முடியுமா என்று நான் எத்தனை முறை கிண்டல் செய்திருப்பேன். அன்றிலிருந்து அது கிண்டல் இல்லை. கார் ஓடினால் அப்பா வருவார். நின்றால் அவரும் நின்றுவிடுவார். வாரத்தில் மூன்று நாள், பன்னிரண்டு கிலோமீட்டர், ஏழு மணிக்குள். அதுதான் என் தலையில் ஓடியது.

வெள்ளைக் காரை ஓட்டிப் பழகியவளுக்கு உன் காரின் கிளட்ச் இரும்பாக இருந்தது. காலில் தசை பிடித்துக்கொண்டது. அப்பாவை உள்ளே ஏற்றுவது தனிக் கூத்து. முதலில் முதுகைக் காட்டி அவர் உட்கார வேண்டும். பிறகு கால்களை ஒவ்வொன்றாக நான் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவதற்கு நர்சு ஜெயா வந்து ஒரு கை பிடிப்பாள். "ஐயாவக் கெணத்துக்குள்ள இருந்து தூக்குத மாதிரி இருக்குக்கா" என்று சிரிப்பாள்.

அப்பா கண்ணை மீட்டரை விட்டு எடுக்க மாட்டார். "நாப்பது. நாப்பதுக்கு மேல போனா எறங்கிருவேன்." கிருஷ்ணன்கோவில் போகிற கல்லூரி பஸ்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போகும். சன்னலோரப் பையன்கள் தலையை நீட்டிப் பார்த்து, இவ்வளவு விலையுள்ள காரை இப்படி உருட்டுகிறாளே என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். ஒரு தடவை டி.வி.எஸ். பிப்டியில் இலைக்கட்டு ஏற்றிக்கொண்டு போனவர் எங்களைத் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். உனக்கு மானம் போயிருக்கும்.

ஆவணியில் ஒரு நாள், மில்லுகளைத் தாண்டி ரோடு நேராகப் போகிற இடத்தில், முன்னும் பின்னும் வண்டி இல்லை. அப்பா, "செத்த அமுத்து" என்றார். காதில் சரியாக விழவில்லையோ என்று பார்த்தேன். "அமுத்துட்டி" என்றார். அமுக்கினேன். முதுகுக்குப் பின்னால் இன்ஜின் குரல் மாறியது. மூச்சு விடுவதற்குள் எண்பதைத் தாண்டியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் காலை எடுத்த பிறகும் திறக்கவில்லை. "இதக் காட்டத்தான் அவன் நின்னானா?" என்று மட்டும் கேட்டார்.

சரி, வழக்குக்கு வருகிறேன். உன் கட்சிக்குச் சாதகமானதை முதலில் சொல்கிறேன். நித்தம் ஓட்டியதால் பேட்டரி செத்துப்போகவில்லை. இன்ஜின் ஒரே திருகில் பிடித்தது. மழை ரோட்டில் கம்பளிப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டு போனது. மற்றபடி, ராஜபாளையத்தில் இருந்து கோர்ட்டு வாசல் வரை எத்தனை வேகத்தடை என்று என்னைக் கேள். ஒவ்வொன்றையும் குறுக்கே சாய்த்து ஏற்ற வேண்டும், இல்லையென்றால் வயிறு உரசும். ஒரு டயர் வெடித்தால் மதுரையில் சொல்லிவைத்து நாலு நாள் காத்திருக்க வேண்டும். தென்காசி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் உன் கூட்டாளி வெங்கட் இல்லையென்றால் நான் முதல் மாதமே கையைத் தூக்கியிருப்பேன். அவன் இந்தக் காருக்கென்று தனியாக ஸ்பானர் வாங்கி வைத்திருக்கிறான்.

அப்படியும் ஒரு நாள்கூட அது எங்களை வழியில் விட்டதில்லை. ஆயுத பூஜை வரைக்கும்.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு அப்பா விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டார். கூடை நிறைய மஞ்சள் கேந்திப்பூ வாங்கி வைத்திருந்தார். வாழைநாரைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன் கையாலேயே மாலை கட்டினார். என்னைத் தொட விடவில்லை. மற்றக் கார்களுக்கு முன்னால் கம்பி வலை இருக்கும், மாலையைக் கட்டலாம். உன் தவளைக்கு அது இல்லை. மூக்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெரிய துவாரங்கள்தான். அப்பா மாலையின் இரண்டு நுனியையும் அந்தத் துவாரங்களுக்குள் நன்றாகத் திணித்து நிறுத்தினார். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், எல்லாம் முறைப்படி நடந்தது. அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த தெளிவை நீ பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் மாலையைக் காணோம். அப்பா நேராக மாரியக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். "ஒன் ஆட்டக் கட்டிப் போட மாட்டியா? சாமிக்குப் போட்ட பூவு!" மாரியக்கா விடுவாளா? "எங்க ஆடு வேலியத் தாண்டாது ஏட்டையா. வேற எந்த ஆடுன்னு வெசாரிங்க" என்று கத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. போன வருடம் நீ கட்டிய மாலையும் இரண்டே நாளில் காணாமல் போனது. நீயும் அதே ஆட்டைத்தான் திட்டினாய். அன்றைக்கு அப்பா உன் பூஜைக்கு வெளியே வரவில்லை, உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு பேப்பர் படித்தார். அதனால் அவருக்கு அது தெரியாது.

அடுத்த வாரம் காரின் சூட்டு முள் ஏற ஆரம்பித்தது.

முதலில் ரயில்வே கேட்டில் நிற்கும்போது மட்டும். பிறகு கடைவீதி நெரிசலில். ஐப்பசிக் கடைசியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏறியது. வெங்கட் தண்ணீர் பம்பை மாற்றினான். தெர்மோஸ்டாட்டை மாற்றினான். மதுரையில் இருந்து ஒரு ஆளை வரவழைத்துக் கம்ப்யூட்டரில் பார்த்தான். அவர் பெருமூச்சு விட்டு, இன்ஜினைத் திறந்தால்தான் தெரியும், திறந்தால் எப்போது மூடுவோம் என்று சொல்ல முடியாது என்றார். உன் அத்தான் ஒரு வார்த்தைதான் சொன்னார். "வித்துரு சிவகாமி." கோயம்புத்தூரில் இருந்து ஒருவர் போன் செய்துகொண்டே இருந்தார், இருக்கிற நிலையில் எடுத்துக்கொள்கிறேன் என்று.

அப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. கார் போகிறது என்றால் அவரும் வரமாட்டார். இன்னொரு முறை டயாலிசிஸை நிறுத்தினால் டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். வெங்கட் ஒரு வழி சொல்லிக்கொடுத்தான். முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திருகிவிட வேண்டும், இன்ஜின் சூடு கொஞ்சம் உள்ளே வந்துவிடும். அப்படியே ஓட்டினேன். அப்பாவுக்கு வேர்த்து ஊற்றும். "என்னட்டி, அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு?" என்பார். "ஏ.சி. ரிப்பேர்பா" என்பேன். ஒரு கண் ரோட்டில், ஒரு கண் முள்ளில், காது அவர் மூச்சில். வீட்டுக்கு வந்து இறங்கும்போது ஸ்டீயரிங்கில் என் கை ஈரம் பதிந்திருக்கும்.

போன வாரம் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு வருவதால் அவருக்குத் திங்கட்கிழமைதான் ஆபத்தான நாள். ரத்தத்தில் பொட்டாசியம் உப்பு ஏறி நிற்கும், நெஞ்சைப் பிடிக்கும் என்று ஜெயா எச்சரித்திருந்தாள். அது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை தோப்புக்குப் போனவர் யாருக்கும் தெரியாமல், அதே உப்பு நிறைந்த இளநீர் இரண்டைக் குடித்துவிட்டு வந்திருந்தார். காலையில் கிளம்பும்போது தானாகவே சொன்னார், விரல் மதமதவென்று இருக்கிறது என்று. விஷம் குடித்தேன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு அப்படிப் பதறியிருக்காது.

மம்சாபுரம் விலக்கை நெருங்கும்போது முள் சிவப்புக்குள் போய்விட்டது. ஹீட்டர் முழுசாக ஓடியது. மீட்டரில் விளக்கு எரிந்தது, மணி அடித்தது. முதுகுக்குப் பின்னால் கொதிக்கிற சத்தம். ஓரங்கட்டி நிறுத்தினேன். முன்னால் அடியில் இருந்து ஆவி பொங்கி, ரோட்டில் தண்ணீர் ஓடியது. மணி ஆறு நாற்பது.

வெங்கட்டுக்குப் போன் போட்டேன். அவன் வர அரை மணி ஆகும் என்றான். ஜெயாவுக்குப் போட்டேன். ஏழரைக்குள் வராவிட்டால் படுக்கையைக் காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள், பிறகு மறுநாள்தான் என்றாள். "இளநி குடிச்சிருக்காங்கன்னு சொல்லுதீய, எப்படியாவது வந்துருங்கக்கா" என்றாள்.

ஒரு லோடு வண்டியைக் கை காட்டி நிறுத்தினேன். ராஜபாளையத்தில் தேங்காய் இறக்கிவிட்டுக் கூமாப்பட்டிக்குத் திரும்புகிற வண்டி. டிரைவர் நல்ல மனுசன். "ஐயாவ முன்னாடி உக்கார வைங்க. வில்லிபுத்தூர் தாண்டித்தான் போறேன், ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கிருதேன்" என்றார்.

அப்பா அசையவில்லை.

"வண்டி சரியாவட்டும். பொறவு போவோம்."

"அப்பா, இது இன்னைக்கு சரியாவாது."

"அப்பம் வீட்டுக்குப் போவோம்."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன்? ரோட்டில் நின்று கத்தினேன். "அவன் இதுக்குள்ள இல்லப்பா! இது வெறும் தகரம்! இதப் புடிச்சுக்கிட்டு நீங்களும் போயிட்டா நான் யாருட்டப் போவேன்?" லோடு வண்டிக்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தெரியும்ட்டி. எனக்குத் தெரியாதா? அன்னைக்கு இந்தக் கதவத் தொறந்து வச்சுட்டு நின்னான். நான் அவன விட்டுட்டு பஸ்ஸுக்குப் போனேன். இப்பம் இவன் நிக்கான். திரும்பவும் விட்டுட்டு வேற வண்டியில ஏறிப் போகச் சொல்லுதியா?"

குமார், நீ அங்கே இருந்தாயா? இருந்திருந்தால் கேட்டிருப்பாய். இத்தனை மாதம் அவர் அதைச் சுமந்துகொண்டு என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார். நானோ அவர் நாற்பதா அறுபதா என்று மீட்டரைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். "அப்பா, அன்னைக்கு அவன் எதுக்குக் கதவத் தொறந்தான்? உங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான. இங்கன ரோட்டுல உக்கார வைக்கவா தொறந்தான்?"

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மணி ஏழு ஆகப் பத்து. அவர் முகம் வெளுத்திருந்தது. பிறகு எப்போதும் செய்வதுபோல இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினார், தூக்கிவிடு என்று.

லோடு வண்டியின் உயரமான சீட்டில் அவர் தானே ஏறி உட்கார்ந்தார். "இது ஏறுறதுக்கு லேசா இருக்கு" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் பின்னால் சாக்குகளுக்கு நடுவில் கறுப்புக் கோட்டோடு ஏறிக்கொண்டேன். உன் கார் ஓரத்தில் சின்னதாகி, மறைந்தது. ஏழு இருபதுக்கு ஜெயா வாசலிலேயே நின்றாள். உள்ளே கொண்டுபோய் ஊசி ஏற்றும் வரைக்கும் நான் கதவோரத்திலேயே நின்றேன். இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் ராஜபாளையம் திரும்பும்போது அப்பா வீட்டுக்குப் போக மறுத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போகச் சொன்னார். வெங்கட் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து போட்டிருந்தான். இன்ஜினைத் திறப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு முறை என்று முன்பக்க பம்பரைக் கழற்றிக்கொண்டிருந்தான். இன்ஜின் பின்னால் இருந்தாலும் அதைக் குளிரவைக்கிற ரேடியேட்டர்கள் மூக்குத் துவாரங்களுக்குள்தான் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அதற்கும் முன்னால் ஏ.சி.யின் தகடு ஒன்று நிற்கிறது. வெளியில் இருந்து எத்தனை தண்ணீர் பீய்ச்சினாலும் அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது தெரியாது.

"அம்மோ!" என்றான் வெங்கட்.

கையை விட்டு அள்ளினான். கேந்திப்பூ. மழையில் ஊறி, சூட்டில் வெந்து, களியாக ஆன கேந்திப்பூ. வாழைநாரோடு இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கார் ஓடும்போது காற்று மாலையைத் தகட்டின் ஓர இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்திருக்கிறது. அப்பா ஸ்டூலில் இருந்து எழுந்துவிட்டார்.

"மாரி ஆடு திங்கலியா?"

வெங்கட் இன்னும் ஆழத்தில் கையை விட்டான். அதற்கும் அடியில் இருந்து வேறொன்று வந்தது. கறுத்து, காய்ந்து, தொட்டால் பொடியாகிற பூ. ஆனால் கோத்திருந்தது நாரில் அல்ல, நூலில். முறுக்கேறிய மில் நூல். நீ வேலை பார்த்த மில்லின் நூல்தான். வெங்கட் அதை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான். அவனுக்கும் தெரியும்.

"இது எப்பம் கட்டுனது?" என்று அப்பா கேட்டார்.

"போன வருசம்பா. அவன் கட்டுனது. நீங்க உள்ள இருந்தீய."

அப்பா அந்த நூலைக் கையில் வாங்கினார். இன்னொரு கையில் தன்னுடைய நாரை வைத்திருந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அவனும் ஓட்டைக்குள்ளதான் செருகுனானா?" என்றார். "ஆமாப்பா. அவனும் ஆட்டத்தான் வஞ்சான்." அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பிடிக்கப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் ஓட ஓட சிரித்தார். நீ போன பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு.

உன் மாலை பாதி அடைத்திருக்கிறது. அதனால்தான் ரேடியேட்டர் விசிறி ஓயாமல் ஓடியிருக்கிறது, நீ புலம்பிக்கொண்டிருந்தாயே. அப்பாவின் மாலை மீதியை அடைத்துவிட்டது. ஜெர்மனியில் அந்தக் காரைச் செய்தவனுக்கு, அது இப்படி ஒரு குடும்பத்திடம் வந்து சேரும் என்று எப்படித் தெரிந்திருக்கும்?

அப்பா வீட்டுக்குப் போகும் வழியில் மாரியக்கா வாசலில் நின்று, "ஆட்டு மேல தப்பு இல்ல தாயி" என்று சொல்லிவிட்டு வந்தார். அவள் இன்னும் அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் எனக்கு உள்ளே பயம் போகவில்லை. கார் சரியாக ஒரு வாரம் ஆகும் என்று வெங்கட் சொன்னான். ரேடியேட்டர் ஒன்று ஓட்டையாகியிருந்தது. நடுவில் புதன்கிழமை வருகிறது. செவ்வாய்க்கிழமை முழுக்க அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. புதன்கிழமை காலையில் ஐந்தரைக்கு எழுந்து, எப்படிப் பேசலாம் என்று வாதத்தைத் தயார் செய்துகொண்டே வெளியே வந்தேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, துண்டைத் தோளில் போட்டு, வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார் நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது.

"எம்புட்டு நேரம் நிக்க? ஆட்டோவக் கூப்பிடு" என்றார்.

தீர்ப்பு சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். உன் கார் நித்தம் ஓட்டுகிற கார் இல்லை, குமார். பாதி முடியாத மனுசரை வைத்துக்கொண்டு, மணி பார்த்து ஓட வேண்டியவர்களுக்கு அது ஆகவே ஆகாது. அதில் நான் ஜெயித்தேன். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக உயரமான பழைய கார் ஒன்று பார்த்தாகிவிட்டது, அடுத்த வாரம் வருகிறது. ஆனால் அந்த ஐந்து மாதம் வேறு எந்தக் காரும் அவரை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்திருக்காது. அதில் நீ ஜெயித்தாய். கோயம்புத்தூர்க்காரரிடம் விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு நானும் பழகிவிட்டேன், என்ன செய்ய?

அப்பா புரண்டு படுக்கிறார். எழுதியதெல்லாம் தெரிந்துவிட்டதோ என்னவோ. சீக்கிரம் முடிக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தக் காரை நிறுத்தி வைத்துக் கெட விடமாட்டேன். அப்பாவுக்கு ஊசி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மில்லுகளைத் தாண்டி ரோடு நேராகும் இடத்தில் ஒரு அமுக்கு அமுக்குவேன். வருகிற ஆயுத பூஜைக்கு மூக்கில் ஒரு பூகூடப் படாது. மாலையை எங்கே கட்டுவது என்று அப்பாவிடம் நேற்றுக் கேட்டேன். "இடது பக்கக் கதவுல கட்டு" என்றார். அங்கேதான் கட்டுவேன். நீ பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கைப்பிடியில்.

அன்று மாடியில் இருந்து இறங்கி வராத,
உன் அக்கா
சிவகாமி